அம்மாவைப் பேசச் சொல்லு

ஹலோ... ஹலோ... ஆங், நான்தான், அண்ணன். காலேஜ்லயா இருக்கே?... கிளாஸ் நடந்தா நடக்கட்டும். பசங்களை எதையாவது எழுதச் சொல்லிட்டு வெளிய வா... அதெல்லாம் அப்புறம். நம்ம சின்னவன் அம்மாவை ரூமுக்குள்ள போட்டுப் பூட்டிக்கிட்டான்... ஆமா, அம்மாவைத்தான். கையைப் புடிச்சு தரதரன்னு இழுத்துட்டுப் போயிட்டான். பீரோவை நகர்த்திக் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கான், தள்ளினா அசைய மாட்டேங்குது.

...அப்பாவா? இங்க தரையில உக்காந்திருக்கார். தடுக்கப் போனார், ஒரே தள்ளு. பிரிட்ஜ் முனையில பட்டு நெத்தி பொளந்துடுச்சு. துண்டை வச்சு அமுக்கிக்கிட்டு இருக்கார்... பேசறார், பேசறார். 'அவனை ஒண்ணும் பண்ணிடாதே'ன்னுதான் பேசறார். மண்டையில ரத்தம் ஒழுகுது, இவருக்கு அவன் கவலை.

...மாத்திரை எல்லாம் போடறான். அதுல ஒரு குறையும் இல்ல... பின்ன எதனாலயா? உன்னாலதான்.

...ஆமா, உன்னால. போன தடவை வந்தப்ப எங்க மூணு பேரையும் ஹால்ல உக்கார வச்சுப் பாடம் எடுத்தியே, அதனால. டாக்டர் மூளையில கோளாறுன்னார், மாத்திரை எழுதினார், அதோட விட்டார். நீதான் வீட்டைத் தோண்டினே. 'வாடா கண்ணான்னு கூப்பிடறது, அவன் கிட்ட வந்தா வேர்வை நாறுது தள்ளிப் போன்னு சொல்றது, இதுல குழந்தை எதை நம்பும்'னு கேட்டே. அம்மாவுக்கு மூஞ்சியே செத்துப்போச்சு... இரு, நான் பேசி முடிச்சிடறேன். அதே அம்மாதானே உன்னை வளர்த்துச்சு? என்னை வளர்த்துச்சு? நீ மனசைப் பத்திப் பாடம் நடத்தற அளவுக்கு வரலையா? எனக்கு ஏதாச்சும் வந்துச்சா?

...இரு. உள்ள ஏதோ உடைஞ்சுது. கண்ணாடியாத்தான் இருக்கும். டேய்... டேய், கதவைத் தொற.

...நீ அப்படிச் சொல்லலையா? பின்ன எப்படிச் சொன்னே? குத்தம் சொல்லாதீங்க, எரிஞ்சு விழாதீங்க, எந்நேரமும் பின்னாலயே போய்ப் பொத்திப் பொத்தி வைக்காதீங்க. இப்படிப்பட்ட வீட்லதான் நோய் திரும்பத் திரும்ப முத்தும். இதானே? சரி, இதையெல்லாம் எடுத்துட்டா நம்ம அம்மாகிட்ட மிச்சம் என்ன இருக்கு, சொல்லு. அதுக்குப் பேச்சுன்னாலே திட்டுதான். எழுந்திரு எருமை, குளிடா, சட்டையை மாத்துடா, சாப்பிட்டுத் தொலைடா. கொஞ்சறதும் அதுலயேதான். நீ கிளம்பிப் போன அன்னிக்கு வாயை மூடினது, இன்னி வரைக்கும் அவன்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. தட்டை ரூம் வாசல்ல வைக்கும், கதவைத் தட்டும், போயிடும். அப்பாவும் அதே மாதிரி... வேணும்னு செய்யல. படிச்ச பொண்ணு சொல்லிட்டாளேன்னு செஞ்சாங்க. ஒரு வார்த்தை தப்பா விட்டாப் புள்ளைக்கு முத்திடும்னு அம்மாவுக்குப் பயம். வீடே சாவு வீடாட்டம் ஆயிடுச்சு.

அவன் என்ன நெனப்பான்? அவனுக்குக் காதுக்குள்ள பேசற ஆளுங்க மட்டும்தான் மிச்சம். அவங்க சொல்லிட்டாங்களாம், இது உங்கம்மா இல்ல, ஆளை மாத்திட்டாங்கன்னு. அப்பாவையும் மாத்தியாச்சாம். மத்தியானம் தட்டை வைக்கக் குனிஞ்சதும் கையைப் புடிச்சான். 'யாரு நீ, எங்கம்மாவை எங்க வச்சிருக்கே'ன்னு. அப்பவே ஒரு திட்டு திட்டியிருந்தா விட்டிருப்பான்டி. அது வாயே தொறக்கல.

...நானா? நான் எங்க உன் பேச்சைக் கேட்டேன்? நான் எப்பவும் போலத்தான். போன வாரம்கூட ரெண்டு வச்சேன்... ஆமா, அடிச்சேன். கீழ என் பட்டறையில கஸ்டமர் காரு, நசுங்கலை எல்லாம் எடுத்து, பள்ளத்துல பட்டி மாவு பூசி, தேய்ச்சு வச்சிருக்கேன், வந்து அது மேல பெயிண்ட் தின்னரை ஊத்திட்டான். சும்மா விடுவாங்களா?... நீ எனக்குப் பாடம் எடுக்காதே. ஏசியில நின்னுக்கிட்டுப் பேசறது சுலபம்.

...இரு இரு, பால்கனிப் பக்கம் வந்துட்டேன். ஜன்னல் வழியா தெரியுது. அம்மாவைக் கட்டில்ல உக்கார வச்சிருக்கான். கன்னத்தைப் புடிச்சு... ஐயோ, இழுக்கறான்டி. உள்ள வேற மூஞ்சி இருக்கான்னு பாக்கறான். அம்மா கண்ணை இறுக்க மூடிக்கிட்டிருக்கு. டேய், விடுடா. கையை எடுடா, வெட்டிப் போட்டுடுவேன் உன்னை... கத்தாம வேற என்ன பண்ண? கொஞ்சச் சொல்றியா?

...சரி. சரி, ஸ்பீக்கர்ல போடறேன், நீயே சொல்லு. அம்மா, இங்க பாரு, உன் பொண்ணு பேசறா. நீ பேசலாமாம்மா, தப்பில்லையாம். அவளே சொல்றா, கேளு. அவனைத் திட்டும்மா, எதையாவது சொல்லும்மா... தலையை ஆட்டுது. மாட்டேங்குது. உதடு கிழிஞ்சு ரத்தம் வருது, அப்பவும் மாட்டேங்குது... கேட்டுச்சா அவன் சொன்னது? உன் குரலையும் மாத்திட்டாங்களாம். போச்சு.

போதும். கதவுகிட்டயே திரும்பி வந்துட்டேன், பெரிய சுத்தியலை எடுத்துட்டு வந்துதான் நிக்கறேன்... உடைக்கத்தான், வேற எதுக்கு? பூட்டைத் தொடவே மாட்டேன், கீல் பக்கம் போட்டா தானா வரும். தினம் நசுங்கின காருக்குக் கதவு கழட்டறவன், இது எனக்கு எம்மாத்திரம்... போலீசா? போலீஸ் வந்தா அவனை நாயை இழுக்கற மாதிரி இழுத்துட்டுப் போவாங்க. லத்தியால போடுவாங்க. நான் அடிச்சா அது வேற. நான் அவன் அண்ணன்.

...நீ சொல்லிக்கிட்டே இரு. போனைச் சட்டைப் பையில போடறேன், வச்சிடாதே. அப்பா, தள்ளுங்க... காலைப் புடிக்காதீங்கப்பா, விடுங்க. விடுங்கன்னா விடணும்... ம்... ம்... மேல் கீல் போச்சு... ம்... வந்துடுச்சு. பீரோ சாயுது... அம்மா, அந்தப் பக்கம் போ. டேய், அந்தக் கண்ணாடித் துண்டைக் கீழ போடு. போடுங்கறேன் இல்ல. கிட்ட வராதே. டேய், கிட்ட வராதேடா...

...

...ஹலோ. இருக்கியா?... இருக்கேன். அடிச்சிட்டேன்... அவனைத்தான். கையில கண்ணாடியோட வந்தான், ஓங்கறான்னு நெனச்சேன். சுத்தியலைத் திருப்பிக் கைப்பிடியாலதான் போட்டேன், இரும்பால இல்ல. தோள்ல பட்டுச்சு. எலும்பு போன சத்தம் கேட்டுச்சு. கை தொங்குது... உசிரோடதான் இருக்கான். நின்னுக்கிட்டுதான் இருக்கான்... ஓங்கலையாம். என்கிட்ட குடுக்கத்தான் வந்தானாம்.

...அம்மாவா? உனக்குக் கேக்கலையா? அம்மாதான் கத்துது. என்னைத்தான். 'எருமை மாடே, கட்டையில போறவனே, எம் புள்ளையை ஏண்டா அடிச்சே, உன் கை விளங்குமாடா'ன்னு. நிறுத்தவே மாட்டேங்குது. இத்தனை நாளா உள்ள அடக்கினது எல்லாம் கொட்டுது. முதுகுல அடிக்குது என்னை... அடிக்கட்டும், அடிக்கட்டும்.

...அவனா? சிரிக்கறான். இல்ல, அழறான். ரெண்டும்தான். 'எங்கம்மா வந்துட்டா'ங்கறான். என்னை... இரு, என்னமோ சொல்றான். என்னடா?... என்ன?... என்னையும் கண்டுபுடிச்சிட்டானாம். 'நீ மட்டும் மாறவே இல்லண்ணா, நீ நிஜம்'ங்கறான்... எப்படித் தெரியும்னு கேட்டேன். அடி அதே அடியாம்.

...இல்ல, சுத்தியலைக் கீழ போட்டுட்டேன்.... ஆஸ்பத்திரிக்குத்தான். சத்தம் கேட்டு ஓடி வந்த எதிர் வீட்டு டிரைவர் வண்டி எடுக்கப் போயிருக்கார். அப்பா எழுந்து அவனுக்குத் தண்ணி குடுக்கறார்.

...இரு. ஏதோ கேக்கறான்... இன்னொரு தடவை அடிங்கறான். சந்தேகமில்லாம தெரிஞ்சுக்கணுமாம். அடிபடாத தோளை எங்கிட்ட திருப்பிக்கிட்டு நிக்கறான், குழந்தை ஊசி போட்டுக்கற மாதிரி... ஏய், அழாதே. அழாம சொல்லு. நீ படிச்சதுல இதுக்கு என்ன போட்டிருக்கு?... ஒண்ணுமே இல்லையா?... சரி, வை. அவன் காத்துக்கிட்டு இருக்கான்.