தம்பி கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தவை

இந்த அறைச் சுவருக்கு யார் நிறம் தேர்ந்தெடுத்தார்களோ, நல்ல ரசனை, ஐயா. கண்ணை உறுத்தவில்லை. E8E4D9 பக்கத்தில் வரும். மன்னியுங்கள், தொழில் புத்தி. கணினித் திரையில் பொத்தான், விளக்கு, எழுத்து எல்லாவற்றுக்கும் நிறம் வைப்பது என் வேலை. ஒரு நிறத்துக்கு ஆறு குறிகள். முதல் இரண்டு சிவப்பு எவ்வளவு என்று சொல்லும், நடுவில் உள்ளவை பச்சை, கடைசி இரண்டு நீலம். அவ்வளவுதான் விஷயம்.

தம்பியைப் பற்றித்தானே கேட்டீர்கள். அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்தது நான். எனக்கென்று கல்யாணம் பற்றித் தோன்றவே இல்லை. அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. அது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த சங்கதி. சாப்பிட்டு முடித்ததும் மடிக்கணினியில் இரண்டு கட்டங்கள் போட்டுக் காட்டுவேன்.

"இது ரெண்டும் ஒண்ணாடா?"

"ஒண்ணுதான். ஏண்ணா, ஒரே கலரை ரெண்டு தடவை போட்டு என்னை ஏமாத்துறியா?"

விழுந்து விழுந்து சிரிப்போம். எந்தச் சிவப்பு எந்தப் பச்சையோடு அவன் கண்ணில் ஒன்றாகிவிடும் என்பது அப்படித்தான் எனக்கு மனப்பாடம் ஆனது. அவற்றை அவன் பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் கேட்டேன்.

சோப்பு ஆலைக்குத் திரை செய்துகொடுத்தது எங்கள் அலுவலகம். அங்கே அவனுக்கு வேலை வாங்கிக்கொடுத்ததும் நான்தான். சோப்பு காய்ச்சும் கொப்பரையின் மூடியைத் திறக்கலாம் என்றால் நீல விளக்கு, உள்ளே நீராவி இருந்தால் மஞ்சள். அவனுக்காக வைத்தது. "ஊர் உலகத்துக்கெல்லாம் சிவப்பு, பச்சை. உனக்கு மட்டும் என்னய்யா?" என்று ஆலை மேலாளர் அலுத்துக்கொள்வார். ஏதாவது சாக்குச் சொல்லிச் சமாளிப்பேன்.

பிறகு வேறோர் ஊரில் உள்ள அவர்களுடைய கிளை ஆலையில் அவனுக்கு மேற்பார்வையாளர் பதவி வந்தது. மனைவியோடு கிளம்புவதாகச் சொன்னான். "நீ தனியா இருப்பியேன்னுதான் கவலை. வாராவாரம் வந்துடுறேண்ணா." நல்லதுடா என்றேன். உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஒரு சின்னத் தப்பு போதும் என்று நினைத்தேன். எந்தச் சோப்பு அச்சுக்குப் போகலாம், எது இன்னும் பதமாகவில்லை என்பதையும் அதே இரண்டு நிறங்கள்தான் காட்டும். பதமாகாததை அனுப்புவான், திட்டு விழும், பதவி கைநழுவும், என்னோடு இருப்பான். யாருக்கு என்ன நஷ்டம்? மேலாளர் கேட்டபடியே மாற்றிக்கொடுத்தேன். செங்கல் சிவப்பு, B5452C. பாசிப் பச்சை, 7C7A1F. சிவப்பில் எத்தனையோ சிவப்பு உண்டு, ஐயா, அவன் கண்ணுக்குத் தெரியக்கூடியவையும் உண்டு. அவற்றை நான் எடுக்கவில்லை.

மறுநாள் காலை அவன் கூப்பிட்டான். நான் போனை எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். கொஞ்சம் தவிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவன் பக்கத்தில் நின்றவரைக் கேட்டிருக்கலாம்தான். கேட்டால் கண் விஷயம் வெளியே வந்து பதவி போய்விடுமே.

அந்தப் பக்கத்து ஆள்தான் பிறகு வந்து சொன்னார். திரையையே பார்த்துக்கொண்டு நின்றானாம். "ஆபத்துன்னா அண்ணன் எனக்குத் தெரியுற மாதிரிதான் வச்சிருப்பான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூடியைத் திறக்கப் போனானாம். "அது என்னங்க அப்படி ஒரு பேச்சு?" என்று அவர் என்னையே கேட்டார்.

முகத்தை மூடித்தான் கொடுத்தார்கள். தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா உங்களைத்தான் கூப்பிட்டிருக்காரு, மாமா" என்று அழுதாள். அழுது அழுது எனக்குக் குரலே கட்டிவிட்டது. இப்போதுதான் பேச வருகிறது.

நீராவி விளக்கு எனக்கு நினைவுக்கே வரவில்லை. அதைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நிறத்துக்குப் பெயர் வைத்துக் குறிகளை ஓரிடத்தில் எழுதிவிட்டால், அங்கே மாற்றியது எல்லா இடத்திலும் மாறிவிடும். அச்சுக்கும் நீராவிக்கும் ஒரே பெயர், அதனால் வந்த வினை. இந்தத் தொழிலில் யாருக்கும் நேரக்கூடிய மறதி.

மற்றபடி நான் அஜாக்கிரதையானவன் இல்லை, ஐயா. அலுவலகத்தில் வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள். எதை அனுப்புவதானாலும் எல்லாத் திரைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொரு விளக்கையும் எரியவிட்டுப் பார்த்த பிறகுதான் அனுப்புவேன். அன்றும் பார்த்தேன்.