பழுதில்லாத அடுப்பு

பழைய மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று கையில் கிடைத்தால், புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவதைத்தான் பெரும்பாலோர் முதலில் செய்கிறார்கள். அது கடைசி வேலை. முதலில் டேங்கைக் காலி செய்து, பம்பால் காற்றடித்து, ஒரு வாளித் தண்ணீரில் முக்கிப் பார்க்க வேண்டும். எங்கிருந்தாவது ஒரு குமிழி கிளம்பினால் அந்த அடுப்பின் பக்கம் தீக்குச்சியைக் கொண்டுபோகக் கூடாது.

பேனாவை மூடிவைத்துவிட்டீர்கள். காசிநாதன் இறந்ததைப் பற்றிப் பேச வந்தவன் அடுப்பு துலக்கும் பாடம் நடத்துகிறானே என்று நினைக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. இரண்டும் ஒன்றுதான்.

என் பெயர் வியாகுலம். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கே கையுறை போட வேண்டும், எங்கே பீடி பற்றவைக்கக் கூடாது என்று பலகை எழுதி மாட்டுவது என் உத்தியோகம். யாரும் படிக்க மாட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு பழைய பயண அடுப்புகளையும் பெட்ரோமாக்ஸ் விளக்குகளையும் தேட ஆரம்பித்தேன். கள்ளக்குறிச்சி காயலான் கடைகள், கச்சிராயபாளையத்தில் பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிறவரின் கொட்டகை, கரண்டு வந்ததும் பரணில் தூக்கிப் போட்டு மறந்துவிட்ட வீடுகள் என்று எங்கெங்கோ கிடைத்தன. வாஷர் மாற்றி, ஊசித் துவாரம் சுத்தம் செய்து, ஒவ்வொன்றையும் திரும்ப எரிய வைத்தேன். அவை நான் சொன்னபடி கேட்டன.

காசிநாதன் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் போகும் வழியில், சுற்றுலா வருகிறவர்களுக்குக் கூடாரம் போட்டுத் தருகிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். நல்ல மனிதர். சத்தமாகச் சிரிப்பார், சத்தமாகத் தும்முவார். சாப்பாட்டுக் கொட்டகையில் என் விளக்குகளுக்காக ஒரு கண்ணாடி அலமாரியே செய்து வைத்தார். சனிக்கிழமைகளில் நான் மலையேறிப் போய், அங்கே வந்தவர்களுக்கு அவற்றைப் பற்றி விளக்குவேன். அவர்களும் கேட்பார்கள். ஆலையில் கிடைக்காத மரியாதை அது.

கூடாரத்துக்குள் அடுப்போ விளக்கோ எரிக்கக் கூடாது என்று அங்கே பலகை எழுதி மாட்டியதும் நான்தான். நெருப்பு பிடிக்கும் என்பது மட்டும் காரணமில்லை. மூடின இடத்தில் அடுப்பு எரிந்தால் அறையில் இருக்கிற நல்ல காற்றை அது தின்றுவிடும். பிறகு வருவது விஷக்காற்று. நிறமில்லை, வாசனையில்லை. தூங்குகிறவன் தூங்கிக்கொண்டே இருப்பான். அதற்காகவே ஒவ்வொரு கூடாரத்திலும் எதிரெதிராக இரண்டு சன்னல் வெட்டச் சொன்னேன். மறு பேச்சில்லாமல் வெட்டினார் காசிநாதன்.

அங்கே சமையல் செய்கிறவர் இருசம்மாள். அந்த மலைக்காரர்தான். கல்யாணமான புதிதில் அவர் புருஷன், பாதை போடுவதற்காக மலையை அளக்க வந்தவர்களுக்குச் சுமை தூக்கியிருக்கிறார். அவர்கள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு கிளம்பும்போது ஒரு சின்ன அடுப்பை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். மடக்கினால் டிபன் டப்பா அளவுத் தகரப் பெட்டிக்குள் அடங்கிவிடும் என்று அந்த அம்மாள் கையால் அளவு காட்டியபோதே அது என்ன அடுப்பு என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். வெளிநாட்டில் செய்த பித்தளை அடுப்பு. அதைப் போன்ற ஒன்றைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். புருஷன் போன பிறகும் மழைக்காலத்தில் விறகு நனைந்துவிட்டால் அந்த அம்மாள் அதில்தான் சமைத்துக்கொண்டிருந்தார்.

"இது ஒருநாள் வெடிச்சிடும்மா. குடுங்க, சரி பண்ணிக் கொண்டாறேன்" என்றேன்.

பொய் என்று சொல்ல முடியாது. எந்த அடுப்பும் ஒருநாள் வெடிக்கலாம்.

அந்த வேலையைப் பற்றி நான் நிறைய பேசக் கூடாது. பம்பின் தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருந்தது. புதுத் தோல் வெட்டி எண்ணெயில் ஊறவைத்துப் போட்டேன். டேங்கினுள் துருப்போல் படிந்திருந்ததை மணல் போட்டுக் குலுக்கி எடுத்தேன். தண்ணீரில் முக்கினேன், ஒரு குமிழி வரவில்லை. முதல்முறை பற்றவைத்தபோது சுடர் நீலமாக, ஒரு பூவைப் போல நின்றது. சத்தம்கூட அடக்கமாக இருந்தது. அதைத் திரும்பக் கொடுக்க முடியாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அந்த அம்மாளுக்கு அதைப் பராமரிக்கத் தெரியாது. நாற்பது ஐம்பது வருடமாகக் கெடாமல் வைத்திருந்தது தற்செயல்தான்.

சரிசெய்ய முடியவில்லை, ஆபத்து என்று தூக்கிப் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். புதிதாக ஒரு திரி அடுப்பு வாங்கிக் கொடுத்தேன்.

"தூக்கியா போட்டுட்டீங்க?" என்று கேட்டார். பிறகு, "அந்தத் தகரப் பொட்டியாச்சும் இருக்குதுங்களா? அவுரு கை பட்டது" என்றார்.

"இல்லம்மா. அதுவும் துருப் புடிச்சிப் போச்சி."

தகரப் பெட்டி இல்லாமல் அடுப்பு முழுமையாகாது. சேகரிக்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

வருடம் ஒன்று போயிற்று. போன ஐப்பசியில் வெளியூரிலிருந்து என்னைப் போல் அடுப்பும் விளக்கும் சேர்க்கிறவர்கள் கூடாரத்துக்கு வந்தார்கள். அவர்களிடம் காட்டாமல் இருக்க முடியவில்லை. எடுத்துப் போனேன். எல்லோரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது இருசம்மாள் காப்பித் தட்டோடு வந்தார். மேசையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் காப்பி கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வந்தவர்கள் கிளம்பின பிறகு காசிநாதன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார், இது இருசம்மாளுதுங்களா?"

நான் துணியால் டேங்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அந்த அம்மா அழுதுக்கினு இருக்குது. குடுத்துடலாங்க. நாளைக்கி நானே எடுத்துக்கினு போயி அவங்க வூட்ல குடுத்துட்டு வந்துடறன். நீங்க வர வேணாம், உங்களுக்கு சங்கடமா இருக்கும். வேற யாருக்கும் தெரிய வேணாம்."

பாருங்கள், அவர் என்னைத் திட்டவில்லை. திருடன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுப்பைத் தன் கூடாரத்துக்கு எடுத்துப் போய்க் கட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவரைப் பற்றி யாரும் குறைவாக நினைக்கக் கூடாது.

அன்று ராத்திரி நான் அங்கேயே தங்கிவிட்டேன். மறுநாள் காலையிலிருந்தே மழை. கூடாரங்களில் விருந்தாளிகள் யாரும் இல்லை. காசிநாதனுக்குச் சளி பிடித்து மூக்கடைத்துவிட்டது. மழை விட்டதும் கிளம்பலாம் என்று போர்வைக்குள் கிடந்தார். மத்தியானம் நான் போய்ப் பார்த்தபோது, ஆவி பிடித்தால் தேவலை என்றார். சமையல் கொட்டகை தூரத்தில் இருந்தது. அங்கிருந்து கொண்டுவருவதற்குள் வெந்நீர் ஆறிவிடும்.

"இந்த அடுப்பிலேயே வெக்கிறேனே" என்றேன்.

சிரித்தார். "உள்ள ஏத்தக் கூடாதுன்னு போர்டு மாட்டினதே நீங்கதான?"

"நான் பக்கத்துல இருக்கும்போது பரவாயில்லை."

"அதுவும் சரிதான். நீங்க இருந்தா இன்னா பயம்" என்றார்.

நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தார். இதமாக இருக்கிறது என்றார். சளி மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டு துணிச்சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். நான் அடுப்பை அணைக்கக் கை நீட்டினேன். சுடர் அவ்வளவு ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது. நாளை அது ஒரு மண் சுவருக்குப் பக்கத்தில், கரி படிந்த பாத்திரத்துக்கு அடியில் இருக்கும். கையை எடுத்துவிட்டேன். பானையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன்.

சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. நோயாளிக்கு ஈரக்காற்று ஆகாது. வெளியே வந்து இரண்டு சன்னலின் துணியையும் இறக்கிக் கட்டினேன். வாசலின் ஜிப்பைக் கீழே வரை இழுத்தேன். நனைந்த கூடாரத் துணியில் காற்று நுழையாது என்பது அந்த நேரத்தில் என் நினைவில் இருந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தது.

சமையல் கொட்டகையில் இருசம்மாள் டீ போட்டுக் கொடுத்தார்.

"ஐயா எழுந்தாருங்களா? கஞ்சி வெச்சிருக்கறன்."

"தூங்கட்டும்மா. பாவம், ராத்திரியெல்லாம் இருமல்."

சரி என்று உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலே, "இன்னைக்கி எடுத்தாந்து குடுக்கறன்னு சொன்னாருங்க. அடுப்பு வெக்க மூலையில எடம் மொழுவி வெச்சிட்டு வந்திருக்கறன்" என்றார். "நீங்க நல்லாத்தான் பண்ணி வெச்சிருக்கீங்க. புதுசாட்டம் இருக்குது. எனக்கு உங்க மேல கோவம் இல்லீங்க."

இன்னொரு டீ கேட்டேன். கொடுத்தார். மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்ததால் அதற்கு மேல் பேச வேண்டியிருக்கவில்லை. மழை குறைந்ததும் அவர் கஞ்சிச் சட்டியை மூடி எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரே முதலில் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் கத்தியது கேட்ட பிறகுதான் எழுந்து ஓடினேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு, சாரலுக்காகச் சன்னலை மூடிக்கொண்டு தூங்கிவிட்டார் என்று எல்லோரும் முடிவுக்கு வந்தார்கள். சன்னல் துணியின் முடிச்சு வெளிப்பக்கம் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கத்தல் கேட்டு ஓடி வந்தவர்கள் முதலில் அவிழ்த்ததே அதைத்தான். நான் அவரோடு இருந்ததை யாரும் கேட்கவில்லை. நான் எழுதி மாட்டின பலகையைத்தான் போலீசார் படம் எடுத்தார்கள்.

அவர் மனைவி பெரியநாயகி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "எத்தினி தடவ சொல்லியிருப்பீங்க சார். அவுரு கேக்கலியே. உங்க பேச்ச கேட்டிருந்தா இருந்திருப்பாரே." நான் தலையாட்டினேன். அவர் சொன்னதில் தப்பில்லை. பலகையில் எழுதியிருந்ததை அவர் கேட்டிருந்தால் இருந்திருப்பார்.

பிறகு மலையில் கூடாரம் போட்டிருக்கிற மற்றவர்களும் என்னைக் கூப்பிட்டார்கள். காற்றோட்டத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். போய்ப் பேசினேன். காசிநாதனை உதாரணம் சொன்னேன். எல்லோரும் அசையாமல் உட்கார்ந்து கேட்டார்கள். இப்போது அந்த மலையில் ஒரு கூடாரம்கூடச் சன்னல் இல்லாமல் கிடையாது. இதை நன்மை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

நானும் நன்றாகத்தான் இருந்தேன். தூக்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். போன வாரம்தான் உங்கள் ஸ்டேஷனில் விசாரித்தேன், அன்று உங்கள் ஆட்கள் எடுத்துப்போன அடுப்பை எப்போது தருவீர்கள் என்று. விபத்து என்று வழக்கை முடிக்கப் போகிறோம், அடுப்பு கசிவுள்ளது, ஆபத்தானது, நசுக்கிப் போட்டுவிடுவோம் என்றார் உங்கள் ஏட்டையா. இருசம்மாளைக் கேட்டீர்களா, அது அவருடையது என்று முதல்முறையாக நானே வாய்விட்டுச் சொன்னேன். கேட்டார்களாம். "உசுர வாங்கின அடுப்பு, எனக்கு வேணாங்க" என்று சொல்லிவிட்டாராம்.

அதில் கசிவு இல்லை, தண்ணீரில் முக்கிக் காட்டுகிறேன் என்றேன்.

"கசிவு இல்லன்னா அவுரு எப்பிடி சார் செத்தாரு?" என்று கேட்டார் ஏட்டையா.

நியாயமான கேள்வி. வீட்டுக்குப் போய் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்லாவிட்டால் ஒரு குறையும் இல்லாத பொருளைச் சுத்தியலால் அடித்து நசுக்கிவிடுவார்கள். கொலை வழக்கு என்றால் அப்படிச் செய்ய முடியாது. சீட்டுக் கட்டி, முத்திரை வைத்து, பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அதனால்தான் வந்தேன்.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். காசிநாதனை நான் கொன்றேன். அவர் தூங்கிய பிறகு, எரிகிற அடுப்பை வேண்டுமென்றே உள்ளே விட்டு, சன்னல்களை வெளியிலிருந்து நான் கட்டினேன். அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று அந்த மலையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது. அடுப்பைக் கொடுத்துவிடுவார் என்பதைத் தவிர அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

அடுப்பை வைக்கிற அறையில் ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டேங்கில் மிச்சமிருக்கிற எண்ணெயை வடித்துவிட வேண்டும். காற்றுத் திருகைத் தளர்த்தி வைத்தால் போதும். தகரப் பெட்டி என் வீட்டில் இருக்கிறது, ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன். இரண்டும் ஒன்றாக இருக்கட்டும்.

இப்போது பேனாவை எடுங்கள். உங்கள் ஏட்டையாவின் அறிக்கையில் ஒரு திருத்தம் போட வேண்டும். என் கை பட்ட எந்த அடுப்பாலும் இதுவரை ஒரு விபத்தும் நடந்ததில்லை. இதுவும் விபத்து இல்லை.