எல்லாருக்கும் பச்சை

12 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

நேற்றைய குறிப்பில் நல்லம்மாள் அக்காவின் வயதை நாற்பத்தாறு என்று எழுதிவிட்டேன். நாற்பத்தேழு. அடித்துத் திருத்தியிருக்கிறேன்.

அவர் மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் எங்கள் பாமாயில் செம்பனைத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பவர். நான் அங்கே ஆபீஸ் உதவியாளர். மாலையில் ரவாங்கில் மென்பொருள் வகுப்பு. மருந்தடிப்பவர்களுக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை நடக்கும். கிளினிக் சீட்டை ஆபீஸ் எழுத்தரான கிராணி படித்து, மருந்து உடம்பில் ஏறியவர்களை வேறு வேலைக்கு மாற்றச் சொல்வார்.

வகுப்புக்காக அதையே செயலியாக்கினேன். பெயரைத் தட்டினால் பச்சை, அல்லது சிவப்பு. பச்சை என்றால் மருந்தடிக்கலாம், சிவப்பு என்றால் கூடாது. செய்தது முன்மாதிரி மட்டுமே. திரை ஆட்களுக்குப் பிடிபடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சீட்டைப் பார்த்து நிறம் காட்டும் உள்வேலையைப் பிறகுதான் எழுத வேண்டும். அதனால் எந்தப் பெயரைத் தட்டினாலும் பச்சை வரும்படி வைத்திருந்தேன். அது முறைதான். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மேனேஜரிடம் காட்டினேன்; அவருக்குப் பிடித்துவிட்டது. மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூடும் பெரட்டிலேயே மேற்பார்வை பார்க்கும் மண்டோர் சத்தியசீலன் போனைப் பார்த்து ஆள் பிரித்தார். கிராணி உமாபதி சீட்டுகளைப் படிக்காமலே என் மேசைக்கு அனுப்பினார். இனிமேல் போன் பார்த்துக்கொள்ளும் என்றார். எல்லாருக்கும் பச்சைதான் வரும் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வகுப்பில் தேற, ஆட்கள் எட்டு வாரம் பயன்படுத்திய பதிவு வேண்டும். அது முடியட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஆறாவது வாரம் நல்லம்மாள் அக்கா ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். பின்னாலேயே மண்டோர்.

"துளசி, கை நடுங்குதும்மா. கண்ணு வேற மங்குது. போன்ல என்ன காட்டுதுன்னு நீயே பாரேன்."

"போனே நல்லாருக்குன்னு சொல்லுது," என்றார் மண்டோர். "மருந்து டேங்க்கைத் தூக்கச் சொன்னாத்தான் உனக்குக் கை நடுங்குமாக்கா?"

பெயரைத் தட்டிப் பார்த்தேன்.

"பச்சைதான் அக்கா."

"அப்ப சரிலா. நீ படிச்ச பிள்ள, நீ சொன்னா சரிதான்."

மறுநாள் பதினான்காம் பிளாக்கில் விழுந்தார். நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

முன்மாதிரியை முழுச் செயலி என்று நம்பியதால் வந்த வினை என்று ஆபீசில் பேசிக்கொள்கிறார்கள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆகவே நானே சரியாக எழுத வேண்டும். அக்கா வாசலில் நின்றபோது அவருடைய சீட்டு என் டிராயரில் இருந்தது. அதற்குப் பதினோரு நாள் முன்பே அதைப் படித்திருந்தேன். மருந்தைத் தொடவே கூடாது என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். அதைச் சொன்னால், போனில் ஏன் சிவப்பு வரவில்லை என்று கேட்பார்கள். நான் தெரியாமல் பச்சை என்று சொல்லவில்லை.

எட்டு வாரம் நேற்றோடு முடிந்தது. பயனர் கருத்து என்ற கட்டத்தில், முழு நம்பிக்கையோடு பயன்படுத்துகிறார்கள் என்று எழுதினேன். அதில் பொய் இல்லை.

டிராயரில் அதே சிவப்பு மையில் இன்னும் இரண்டு சீட்டுகள் இருக்கின்றன. செயலி முழுமையானதும் முதலில் அவற்றைத்தான் ஏற்றுவேன்.

நாளை: காலை பத்து மணிக்குப் பக்கத்துத் தோட்டத்து மேனேஜர் செயலியைப் பார்க்க வருகிறார். அதற்கு முன் நல்லம்மாள் அக்காவின் பெயரை எடுத்துவிட வேண்டும். தட்டினால் இன்னும் பச்சை வருகிறது.