நான்காவது விசிறி

கீக், கீக், கீக். மூன்று கத்தல், ஒரு மூச்சு விடுகிற இடைவெளி, மறுபடி மூன்று. கேட்கிற யாருக்கும் எரிச்சல் வரும். எனக்கு மட்டும் அது யாரோ வாசலில் வந்து நின்று மணி அடிப்பது போல இருக்கும். என் வீட்டு மணியை யாரும் அடிப்பதில்லை, அதனால் அப்படித் தோன்றியிருக்கலாம்.

முதலிலிருந்தே சொல்கிறேன் சார். நீங்கள் நேரில் வந்து, எதிரில் உட்கார்ந்து கேட்கிறீர்கள். விசாரணை செய்த மற்றவர்களெல்லாம் கடிதம் போட்டுத்தான் கேட்டார்கள்.

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மூன்றாவது மாடியில் அழைப்புக் கூடம். அதன் பின்னால் கண்ணாடி அறையில் பெரிய கணினி. உதவி கேட்டு வருகிற அத்தனை அழைப்பும் அதற்குள் புகுந்துதான் வெளியே வரும். என் அறை தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில். மேலேயிருந்து கூப்பிட்டால் போவேன். பதினொரு வருடமாக அதுதான் வழக்கம். வருடத்துக்கு நான்கைந்து முறை கூப்பிடுவார்கள்.

பிறகு அந்தக் கணினியில் பழைய மென்பொருளை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டோம். மறுநாளே அலாரம் கத்தியது. உள்ளே எவ்வளவு சூடு, விசிறிகள் எவ்வளவு வேகத்தில் சுற்றுகின்றன என்று கவனிக்கிற மென்பொருள் ஒன்று உண்டு. நான்காவது விசிறி நின்றுவிட்டது என்று அது சொன்னது. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். அந்தக் கணினியில் விசிறி மூன்றுதான். நான்காவது இடம் வாங்கிய நாளிலிருந்தே காலி. பழைய மென்பொருளுக்கு அது தெரியும், புதியதற்குத் தெரியவில்லை. காலி இடத்தை எண்ணாதே என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினேன். இரண்டு நிமிட வேலை. சத்தம் நின்றது.

அன்று முழுக்க யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் அந்த வரியை அழித்தேன்.

இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு பொத்தானை அமுக்கினால் அலாரம் இரண்டு மணி நேரம் வாயை மூடிக்கொள்ளும். பிறகு மறுபடி கத்தும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை நான் மேலே போவேன்.

கூடத்தின் மேற்பார்வையாளரை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். நான் தலையை நீட்டியதுமே ஆரம்பித்துவிடுவார்.

"வந்துட்டார் பாருங்கடி, காத்தாடிக்கு நாடி பாக்கற டாக்டர். ஏன் டாக்டர், நோயாளி பொழைக்குமா?"

"ரெண்டு நாள் போகட்டும், சொல்றேன்."

"இப்படியே ஒரு மாசமா சொல்றீங்க. வியாதி அதுக்கா, உங்களுக்கா?"

கூடமே சிரிக்கும். எனக்கென்று ஒரு டீ கப் ஒதுக்கினார்கள். அதில் பேனாவால் 'டாக்டர்' என்று எழுதியிருந்தது. என் வீட்டில் இருப்பது ஒரு தட்டு, ஒரு டம்ளர். அவற்றின் மேல் பெயர் எழுத அவசியமே வந்ததில்லை.

ஒருநாள் இயக்குநர் கூடத்தைப் பார்வையிட வந்தபோது அலாரம் கத்தியது. அவசரத்துக்கு எந்தப் பொத்தான் என்று பெரியக்காவுக்குக் காட்டினேன். நான் செய்த தவறு அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் அவர் சொன்னார்: "முட்டியப் பிடிச்சுக்கிட்டு நீங்க படியேறறதப் பாத்தா எனக்கே வலிக்குது. இதுக்குப் போய் உங்கள எதுக்கு அலைய வைக்கணும்? நானே அமுக்கிக்கறேன், விடுங்க."

அன்போடுதான் சொன்னார். அதற்குமேல் நான் என்ன பேச முடியும்?

ஒன்பது நாள் தொலைபேசி அடிக்கவில்லை. ஒருமுறை ரிசீவரைக் காதில் வைத்து, வேலை செய்கிறதா என்று பார்த்தேன். செய்தது.

பத்தாம் நாள் காலை, ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில், கண்ணாடி அறைக்குப் பின்கதவு வழியாகப் போனேன். மூன்று விசிறிகளின் வயர்களையும் கழற்றிவிட்டு இறங்கி வந்தேன். கணக்குப் போட்டுத்தான் செய்தேன். பெரியக்கா வழக்கம்போலச் சத்தத்தை அமுக்குவார். ஆனால் சூடு ஏறினால் அவர் மேசைக்குப் பின்னால் இருக்கிற விளக்கு மஞ்சளிலிருந்து சிவப்பாகும். சிவப்பைப் பார்த்தால் கூப்பிடாமல் இருக்க மாட்டார்.

தலை வாரிக்கொண்டேன். கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, என் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். அறுபத்திரண்டு டிகிரி. எழுபது. எழுபத்தொன்பது. தொலைபேசி பக்கத்திலேயே இருந்தது. எண்பத்தெட்டில் பையின் ஜிப்பைத் திறந்து ஸ்க்ரூடிரைவரைச் சரிபார்த்தேன். மாரடைப்பு வந்த ஒருவரின் மனைவியிடம் பெரியக்கா அப்போது பேசிக்கொண்டிருந்தாராம். விளக்குக்கு முதுகைக் காட்டியபடி. அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அந்தப் பேச்சு முடிந்த சற்றைக்கெல்லாம், தொண்ணூற்றாறில் கணினி தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. அதற்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியும். மாற்றுக் கணினி அடுத்த மாதம் வருவதாக இருந்தது. என் தொலைபேசியும் அதே கணினி வழியாகத்தான் என்பதை மறந்திருந்தேன். மேலே கொஞ்ச நேரம் அழைப்பே வராததை, ஊரில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

கடைசியில் பெரியக்காவே மூச்சிரைக்க ஓடி வந்தார். "டாக்டர், எல்லாம் செத்துப்போச்சு. வாங்க, சீக்கிரம் வாங்க." என் அறைக்கு அவர் வந்தது அதுதான் முதல்முறை. நாற்காலியை ஒழுங்காகத் துடைத்து வைத்திருக்கலாமே என்று தோன்றியது.

வயர்களை மாட்டினேன். சூடு இறங்கி எல்லாம் மறுபடி எழுந்து நிற்க, மொத்தம் நாற்பத்தொரு நிமிடம். அந்த நேரத்தில் இருபத்தாறு பேர் அழைத்திருக்கிறார்கள். இருபத்துமூன்று பேர் வேறு வண்டி பிடித்துக்கொண்டார்கள். மீதி மூன்று பேர் உங்கள் கோப்பில் இருக்கிறார்கள்.

பெரியக்காவை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது சரியில்லை. அலாரத்தை அமுக்கியது அவர் விரல், வயர்களைக் கழற்றியது என் கை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் கப்பை மட்டும் யாரும் தூக்கிப் போடாமல் பார்த்துக்கொண்டால் நல்லது.

நீங்கள் பேனாவை மூடிவிட்டு, கடைசியாக ஒன்று என்று கேட்டீர்கள்.

"சூடு ஏறறத அரை மணி நேரம் உங்க திரையில பாத்துக்கிட்டே இருந்திருக்கீங்க. மூணு மாடி ஏற ரெண்டு நிமிஷம். ஏன் எழுந்து போகல?"

"அதெப்படி சார், கூப்பிடாம போறது?"