முழம் அளந்து நின்ற நெருஞ்சி

ஒடியற் கூழ் லேசாகக் கசந்தால்தான் எனக்குப் பிடிக்கும். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மா அது. ஊறவைத்துத் தண்ணீர் மாற்றாவிட்டால் கசக்கும். தீவாருக்குத் தெரியாத சங்கதியல்ல.

நெடுந்தீவில் பதினாறு வருடம் தாவரவியல் படிப்பித்தேன். செடியின் கலத்துக்குள் இருக்கும் நிறமூர்த்தங்கள், அதாவது குரோமோசோம்கள், எப்போதாவது தவறி இரட்டித்துவிடும். அப்படிப் பிறந்த செடி தாய்ச்செடியோடு கூடினால் நல்ல விதை வராது. ஒரே மதிலோரம் நின்றாலும் அது வேறு இனம். அப்படியொன்றை எங்கள் நெருஞ்சியில் கண்டுபிடிக்க அலைந்தேன். காலில் முள் குத்தியதுதான் மிச்சம்.

1986இல் கார்த்திகைக் கிழங்கின் சாற்றை எடுத்தேன். ஆளைக் கொல்லும் நஞ்சு, ஆனால் முளையில் பட்டால் நிறமூர்த்தத்தை இரட்டிக்கும். அதை நெருஞ்சி முளைகளில் இட்டுத் தேறிய கன்றுகளைக் கல்மதிலோரம் நட்டுவிட்டு, அவை அங்கே தானாக முளைத்தவை என்று பல்கலைக்கழகத்துக்குக் கட்டுரை அனுப்பினேன். நேரில் பார்க்க வருவதாகப் பேராசிரியர் எழுதினார். அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். இயற்கை என்றோ செய்யப்போவதை நான் கொஞ்சம் முந்திச் செய்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்து இரசாயன ஆசிரியர் பரராசசிங்கம் வந்து மதிலடியில் நின்றார்.

"காட்டுச் செடி முழம் அளந்தே முளைக்கிறது? நீர் நட்டதெல்லோ இது. வெள்ளிக்கிழமை பேராசிரியர் வாறார். நீரே உண்மையைச் சொல்லும். இல்லாட்டி நான் சொல்லுவன்."

வாழ்நாளில் ஒரு செடியைக் குனிந்து பார்த்தறியாத மனிதர். எனக்குப் பற்றி எரிந்தது.

கூழ் காய்ச்சினால் அயலை அழைப்பது வழக்கம். வியாழன் மத்தியானம் அவர் என்னையும் அழைத்தார். அவர் மனைவி அன்னபூரணம் அக்கா காய்ச்சினார். பனையோலையைக் கிண்ணம்போல் பிளாவாகக் கோலி, கூழை வார்த்துக் கொடுத்தவன் நான். பரராசசிங்கத்தின் பிளாவில் மட்டும் கார்த்திகைக் கிழங்குச் சாற்றைக் கலந்தேன்.

"என்னப்பா, மா வடிவா ஊறேல்லையே? கசக்குது."

"மூண்டு தண்ணி மாத்தினனான்," என்றார் அக்கா.

விருந்தாளிக்கு முன்னால் மனைவியைக் குறை சொன்னதற்கு வெட்கப்பட்டோ என்னவோ, முழுவதையும் குடித்தார். பின்னேரம் குடித்ததையெல்லாம் சத்தியெடுக்கத் தொடங்கினார். கடல் கொந்தளிப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வள்ளம் ஓடவில்லை. சனிக்கிழமை இறந்தார். அதே கடலால் பேராசிரியரும் வரவில்லை. பிறகும் வரவேயில்லை. நெருஞ்சியை ஆடு மேய்ந்துவிட்டது.

செத்தவீட்டில் நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன்: "ஒடியல் மா சரியா ஊறாட்டி உடம்புக்கு ஆகாதுதான், அக்கா."

எட்டு வருடமாக அவர் கூழ் காய்ச்சுவதில்லை. தன் கைதான் புருசனைக் கொன்றது என்று நம்புகிறார். அதற்கு நான் பொறுப்பல்ல. அந்த எண்ணம் அவரிடம் தானாகவே முளைத்தது.