மூணு விரல் தள்ளி

ஒரு விரிப்பு மேல இன்னொரு விரிப்பு போடுறதுக்கு ஒரு முறை இருக்கு மேடம். கீழ போடுறது பெருசா, சொரசொரன்னு, கலர் அடங்கினதா இருக்கணும். மேல போடுறது சின்னதா, மெத்துன்னு, கொஞ்சம் கண்ணைப் பறிக்கிறதா இருக்கலாம். நாலு பக்கமும் கீழ் விரிப்பு ஒரு முழமாவது வெளிய தெரியணும். நடுவுல ரப்பர் வலை கட்டாயம் போடணும், இல்லேன்னா மேல இருக்கிறது வழுக்கிக்கிட்டு ஓடும்.

சுவத்துல மாட்டுறதுக்கும் அப்படித்தான். உங்க ரூம்லயே பாருங்க, அந்தக் கடிகாரம் ரொம்ப மேல இருக்கு. எல்லாரும் பண்ற தப்பு அது. ஆணி அடிக்கிறவன் ஏணி மேல நின்னு அடிக்கிறான், பார்க்கிறவன் கீழ நின்னு பார்க்கிறான்.

என் வார்த்தையிலேயே எழுதச் சொல்லி பேனா குடுத்தீங்க. எழுதுறேன். யாரும் மிரட்டல, அடிக்கல, டீ கூட வாங்கிக் குடுத்தீங்க.

இருபத்திரண்டு வருஷம் கார்ப்பெட் கடையில நின்னேன். அப்புறம் சொந்தமா வீடு வீடாப் போய் ஹால் அமைச்சுக் குடுத்தேன். போட்டோ, வீடியோ எடுத்து ஃபோன்ல போடுவேன், நாலு பேர் பார்த்துட்டுக் கூப்பிடுவாங்க. என் வீட்டுக்காரிதான் எனக்கு முதல் ரசிகை. ஒரு கம்பளத்தை விரிச்சா தள்ளி நின்னு தலையைச் சாய்ச்சுப் பார்ப்பா. "இடது பக்கம் ஒரு விரல் ஏறியிருக்கு"ம்பா. அளந்து பார்த்தா ஒரு விரல்தான் ஏறியிருக்கும். அப்படிப்பட்ட கண்ணு.

அந்தக் கண்ணு நாலு வருஷத்துக்கு முன்னாடி மங்க ஆரம்பிச்சு ஒரே வருஷத்துல சுத்தமாப் போயிடுச்சு. நரம்புன்னு சொன்னாங்க. ஒண்ணும் செய்ய முடியாதுன்னாங்க.

அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அவளுக்கு நான்தான் கண்ணு. காலையில எழுந்தா கைய நீட்டுவா, நான் பிடிச்சுக்குவேன். பாத்ரூம் வாசல் வரைக்கும், அடுப்பு வரைக்கும், நாற்காலி வரைக்கும். வேலைக்குப் போறப்போ நாற்காலியில உட்கார வச்சுட்டு, தண்ணி பக்கத்துல வச்சுட்டுப் போவேன். வந்து பார்த்தா அதே நாற்காலியிலதான் இருப்பா. கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் கைய நீட்டுவா. எங்க கல்யாண வாழ்க்கையில அதுதான் நல்ல காலம். உங்களுக்கு இது விளங்காது, எழுதி வைக்கிறேன்.

நான் இல்லாத நேரத்துல எழுந்து நடந்து முழங்கால்ல இடிச்சுக்கிட்டா. ரெண்டு மூணு தடவை ஆச்சு. அப்போதான் எனக்குத் தோணுச்சு, தொழில் தெரிஞ்சவன் வீட்டுல இப்படி ஆகலாமான்னு. அவளுக்காகவே ஹாலை மாத்தினேன். எங்க வீடு மாடியில, உள்படி பதினாறு இறங்கினா தெருக்கதவு. படிகிட்ட ரெண்டடி மட்டும் விட்டுட்டு ஹால் முழுக்க, அடியில ரப்பர் வலையோட, சணல் விரிப்பு போட்டேன். அது மேல நாற்காலிகிட்ட கம்பளம். வலது பக்கச் சுவத்துல இடுப்பு உயரத்துக்கு வரிசையா படம் மாட்டினேன், எல்லாம் தொட்டுப் பார்க்கிற படம். முதல்ல கயித்து முடிச்சு, அப்புறம் மரத்துல செதுக்கின இலை, அப்புறம் தையல் போட்ட துணி. கடைசியில, படி ஆரம்பிக்கிற இடத்துல, பிரம்புல பின்னின வட்டத் தட்டு.

"சொரசொரன்னா ஹால். மெத்துன்னா நாற்காலி வந்தாச்சு. வெறுந்தரைன்னா படிகிட்ட வந்துட்டே, சுவத்துல கைய வை. பிரம்புத் தட்டு கையில பட்டா நில்லு. அடுத்த அடி படி."

இதை அவளுக்குப் பத்து தடவை சொன்னேன். பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துட்டு, "என்ன இவ்வளவு கீழ மாட்டியிருக்கீங்க, வீட்டுல பூனை பார்க்கவா?"ன்னு கேட்டாங்க. என் வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரிச்சா. "ஆமா, இந்தக் குருட்டுப் பூனை பார்க்க"ன்னா. சுவத்தைத் தடவிக்கிட்டே அவங்களைப் படி ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் கொண்டு போய் விட்டுட்டு வந்தா.

அவ்வளவு நல்லா அது வேலை செய்யும்னு நான் நினைக்கல.

ரெண்டே மாசம். ஒரு நாள் வேலை முடிஞ்சு வந்து கதவைத் திறக்கிறேன், நாற்காலி காலி. அடுப்படியில ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கிட்டு நிக்கிறா. கைய நீட்டினேன். டம்ளரைக் குடுத்தா. "உட்காருங்க, நானே போட்ட டீ"ன்னா. திரும்பிப் போறப்போ தோளைப் பிடிச்சேன். "விடுங்க, வழி தெரியும்"னு தோளை உதறிட்டுப் போனா. கோபமா இல்ல, சாதாரணமாத்தான். அதான் எனக்குப் பிடிக்கல.

அந்த வாரம்தான் கம்பளத்தை மூணு விரல் நகர்த்தினேன். அடுத்த வாரம் இன்னொரு மூணு விரல். இலைப் படத்தையும் தள்ளி மாட்டினேன். பழைய ஆணி ஓட்டையை மக்கு வச்சு அடைச்சு அதே பெயிண்ட்டைத் தடவினேன். என் வீட்டுல என் கம்பளத்தை நான் நகர்த்தக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்குன்னு நேத்தே உங்களைக் கேட்டேன்.

அவ நாற்காலி கையில இடிச்சுக்கிட்டா. "ஏங்க, நாற்காலியை நகர்த்தினீங்களா?"

"இல்லையே."

"கம்பளத்தை?"

"எதுக்கு நகர்த்தப் போறேன்?"

நாலாவது தடவை இடிச்சப்போ தரையிலேயே உட்கார்ந்துட்டா. "எனக்கு மண்டையும் போகுதோ"ன்னா. நான் கைய நீட்டினேன். பிடிச்சுக்கிட்டா. ரொம்ப நாளைக்கு அப்புறம்.

ஆனா அவளும் லேசுப்பட்டவ இல்ல. அவ தங்கச்சி, அதாவது என் மச்சினி, வாரத்துக்கு ஒரு தடவை வருவா. எதையும் வெடுக்குன்னு பேசுற ஆளு. அவகிட்ட ஊசியில நூல் கோத்து வாங்கி, கம்பளத்தோட முனை எங்க வரணுமோ அங்க சணல்ல ஒரு சட்டைப் பட்டனைத் தச்சு வச்சிருக்கா என் வீட்டுக்காரி. கம்பளம் நகருதா, தன் புத்தி நகருதான்னு கண்டுபிடிக்க. என்கிட்ட சொல்லல. விரிப்பைத் தட்டுறப்போ என் கால்ல பட்டுச்சு.

குனிஞ்சு பார்த்தேன். பச்சை நூல். சணல் விரிப்புல பச்சை நூல், அதுவும் கோணல்மாணலா. பார்க்கவே சகிக்கல.

பட்டனைப் பிரிச்சு, கம்பளத்தை நகர்த்தி, புது இடத்துல பட்டனைத் தச்சேன். சணல் கலருக்குப் பொருத்தமான நூலாத் தேடி எடுத்துத் தச்சேன். அதான் மேடம் நீங்க என்னைப் பிடிச்ச இடம். மச்சினி வந்து, "நான் கோத்துக் குடுத்தது பச்சை நூல், இது யாரு தச்சது? கண்ணு தெரியாதவளுக்குக் கலர் பார்த்துத் தைக்கத் தெரியுமா?"ன்னு உங்ககிட்ட கேட்டிருக்கா. கெட்டிக்காரி. பச்சை நூல்லயே தச்சிருந்தா நான் இங்க உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனா இன்னொரு தடவை அந்த வேலை வந்தாலும் பச்சை நூல்ல தைக்க என் கை வராது. இருபத்திரண்டு வருஷத் தொழில்.

மறுநாள் அவ கால் விரலால தேடித் தேடிப் பட்டனைக் கண்டுபிடிச்சா. கம்பள முனை சரியா பட்டன் மேல இருந்துச்சு. மறுபடியும் தடவிப் பார்த்தா. "அப்போ தப்பு என்கிட்டதான்"னு மெல்லமா சொன்னா. யார்கிட்டயும் இல்ல, தனக்குத்தானே. நான் அடுப்படியில இருந்தேன்.

அதுக்கப்புறம் நாலு மாசம் என் கைய விடல. திட்டல, எதிர்த்துப் பேசல. மூணு வேளையும் நானே ஊட்டிவிட்டாக் கூடச் சாப்பிட்டிருப்பா. இதைக் கொடுமைன்னு மச்சினி எழுதிக் குடுத்திருக்கா. அந்த நாலு மாசத்துல அவ உடம்புல ஒரு காயம் உண்டா? பார்த்துக்கச் சொல்லுங்க.

மச்சினிதான் கெடுத்தா. ஒரு ஆஸ்பத்திரியில ஃபோன் எடுத்துப் பேசுற வேலை, பார்வை இல்லாதவங்களுக்குன்னே எடுக்குறாங்கன்னு சொல்லிட்டு வந்தா. திங்கட்கிழமையிலிருந்து பத்து மணிக்கு வேன் வரும்.

"அவளுக்கு ஹால்லயே நடக்க வரல, ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவா?"ன்னேன்.

"மாமா, உங்க ஹால்லதான் அவளுக்கு நடக்க வரல. எங்க வீட்டுக்கு வந்தா மொட்டை மாடி வரைக்கும் தனியாப் போறா"ன்னு சொன்னா மச்சினி.

என் வீட்டுக்காரி புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கிட்டா. அப்புறம், "தப்பு என்கிட்டதானே இருக்கு. வெளிய போய்ப் பழகினா சரியாகும். நான் போறேன்"னா. என் கைய விட்டுட்டு அவ தங்கச்சி கைய எடுத்து மடியில வச்சுக்கிட்டா.

ஞாயித்துக்கிழமை அவ குளிக்கப் போன நேரம். சணல் விரிப்பைப் படி விளிம்பு வரைக்கும் இழுத்து விட்டேன். வெறுந்தரைன்னு ஒண்ணு இல்லாம பண்ணினேன். பிரம்புத் தட்டைக் கழட்டி, ரெண்டாவது படிக்கு மேல இருக்கிற சுவத்துல மாட்டினேன். காலுக்கும் கைக்கும் ஒரே பதில்தான் கிடைக்கும்: படி இன்னும் வரல.

ஒரு சுளுக்கு, மிஞ்சிப்போனா ஒரு எலும்பு முறிவு, அந்த வேலை வேற யாருக்காவது போயிடும், இவ்வளவுதான் நினைச்சேன்னு நேத்து சொன்னேன். அதை அடிச்சுடுங்க. சுளுக்குக்கு இவ்வளவே போதும். நான் அது மேல, விரிப்புக்கு அடியில இருந்த ரப்பர் வலையையும் உருவி எடுத்தேன். தொழில் தெரிஞ்சவன் ரப்பர் வலையைத் தெரியாம எடுக்க மாட்டான்.

திங்கட்கிழமை பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கு. நல்லா இஸ்திரி போட்ட புடவை, தோள்ல பை. "நீங்க கீழ போய் நில்லுங்க. நான் தனியா இறங்கி வரேன். ஒண்ணும் சொல்லக் கூடாது. ஃபோன்ல வீடியோ எடுங்க, தங்கச்சிக்கு அனுப்பணும்"னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.

கீழ போய் நின்னேன். ஃபோனைக் கையில பிடிச்சுக்கிட்டேன். பட்டனை அமுக்கல. விரிச்ச ஒவ்வொரு கம்பளத்தையும் வீடியோ எடுக்கிற ஆளு அன்னைக்கு மட்டும் ஏன் எடுக்கலன்னு கேட்டீங்க. எல்லாத்தையும் நாலு பேருக்குக் காட்ட முடியாது மேடம்.

கயித்து முடிச்சு, இலை, துணி, அவ விரல் வரிசையா வந்துச்சு. அதுக்கப்புறம் தட்டைத் தேடுச்சு. "இன்னும் இருக்கு இல்லையா?"ன்னு கேட்டா. ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தாளே, நான் சொல்லல.

கீழ வந்து விழுந்தப்போ உயிர் இருந்துச்சு. பக்கத்துல உட்கார்ந்தேன். அவ கைய எடுத்தேன். எவ்வளவு இறுக்கிப் பிடிச்சா தெரியுமா? வேன் டிரைவர் பெல் அடிச்சார். "அவங்க இன்னைக்கு வரல"ன்னு உள்ளே இருந்தே சொல்லி அனுப்பிட்டேன். அவ ஏதோ சொல்லப் பார்த்தா, சத்தம் வரல. இருபது நிமிஷம் கழிச்சுத்தான் ஆம்புலன்ஸுக்குப் பேசினேன். அதுக்குள்ள கை தளர்ந்துடுச்சு.

கொன்னது நான்தான். இதுல ஒளிவுமறைவு எதுவும் இல்ல. கையெழுத்துப் போட்டுத் தரேன். யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்கப் போறதில்ல, மச்சினிகிட்டயும்.

ஒண்ணு மட்டும் நீங்க எழுதினதுல தப்பா இருக்கு, அதைத் திருத்தணும். என் மணிக்கட்டுல இருக்கிற நகக்கீறலைப் பார்த்துட்டு, ஃபோன் கண்ணாடி மேல அவ விரல் ரேகை நாலு இருக்குன்னு சொல்லி, அவ பிடிச்சது கைய இல்ல, அதுல இருந்த ஃபோனை, யாரையாவது உதவிக்குக் கூப்பிட அவ அதைப் பிடுங்கப் பார்த்திருக்கான்னு எழுதியிருக்கீங்க. இருபத்தேழு வருஷம் அவ கைய பிடிச்சவன் நான். அவ என்னைத்தான் பிடிச்சா.