ஒரு போன், ஒரு ஆள்

எங்கள் அலுவலகத்தில் தேநீர் குடித்த கோப்பையை ஒருவரும் கழுவி வைப்பதில்லை. எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள், எட்டுப் பேரும் படித்தவர்கள், பின்னேரம் நாலு மணிக்குப் பார்த்தால் எட்டுக் கோப்பையிலும் எறும்பு. ஐந்து வருடமாக நான்தான் கழுவுகிறேன். என்னைப் பற்றி நீங்கள் இதுவரை கேட்டதெல்லாம் கல்நெஞ்சன், தம்பியின் குடும்பத்தைக் கெடுத்தவன் என்றுதான் இருக்கும். அப்படிச் சொன்னவர்களில் ஒருவர்கூட ஒரு கோப்பை கழுவியதில்லை.

எமில்டாவைப் பற்றித்தான் கேட்கிறீர்கள், தெரியும். என் தம்பி றெஜியின் மனைவி. சாகும்போது முப்பத்தொரு வயது. றெஜி உங்கள் காவலில்தான் இருக்கிறான்; அவன் செய்ததை அவன் சொல்லியிருப்பான். நான் செய்ததைச் சொல்ல நானாகவே வந்திருக்கிறேன். ஆனால் என் தொழில் என்னவென்று விளங்காமல் எழுதினால் பிழையாக எழுதுவீர்கள். பிழையாக எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. ஆறுதலாகக் கேளுங்கள்.

பரந்தன் சந்தியில் இரும்புக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். 'வழித்துணை' என்று ஒரு தேடல் செயலி நடத்துகிறோம். வன்னிச் சனம் போனில் கேள்வி கேட்கும், அது பதில் கொடுக்கும். பதில் தேடுவது பெரிய வேலையல்ல. கேட்கிறவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. ஒட்டுசுட்டானிலிருந்து ஒருவர் 'யானை வேலி உடைஞ்சு போச்சு' என்று எழுதுவார். ஆரம்பத்தில் இயந்திரம் அவருக்கு முள்ளுக்கம்பி விற்கும் கடைகளைக் காட்டியது. பொழுதுபடுவதற்குள் யாரைக் கூப்பிடுவது என்பதுதான் அந்த மனிசனின் கேள்வி. இயந்திரத்துக்கு அது எப்படித் தெரியும்? நாங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

என்னிடம் வேலை செய்கிறவர்கள் நாள் முழுக்க இப்படியான கேள்விகளை வாசித்து, இது நோய், இது பயணம், இது வீட்டுச் சண்டை என்று ஒவ்வொன்றுக்கும் குறி போடுவார்கள். இதுவரை இரண்டு லட்சம் கேள்வி. அந்தக் குறிகளைப் பார்த்துப் பார்த்து இயந்திரம் தானாகப் பிடித்துக்கொள்ளும். இயந்திரக் கற்றல் என்பது அவ்வளவுதான். மந்திரமுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை.

அதற்கு மேலே நான் ஒரு படி ஏறினேன். ஒருவர் அடுத்தடுத்துக் கேட்கும் கேள்விகளைச் சேர்த்து வாசித்தால், அவர் இனி என்ன செய்யப்போகிறார் என்று முன்கூட்டியே சொல்லலாம். இது என்னுடைய யோசனை. கொழும்பில் இருக்கிறவர்கள் தங்களுடையது என்று சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு ஒரு விதி தேவைப்பட்டது: ஒரு போன், ஒரு ஆள். ஒரு போனில் வருகிற கேள்வியெல்லாம் ஒரே மனதிலிருந்து வருகிறது என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளும். அந்த விதியை எழுதியவனும் நான்தான்.

கொழும்பு மேலாளர் திலீபனுக்கு இது பகிடியாக இருந்தது. "அனிஸ்ரன், எங்களுக்கு ஏன் இந்தச் சாத்திரம் சொல்லுற வேலை?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார். பிறகு சொன்னார்: "உயிர்த்த ஞாயிறு முடிய வெளிநாட்டுக்காரர் பாக்க வருகினம். மெசின் முதலே சொல்லி, பிறகு அப்பிடியே நடந்த ஒரு சம்பவம் காட்டுங்கோ. ஒண்டு போதும். இல்லாட்டி இதை மூடிப்போட்டு வேற வேலையைப் பாப்பம்."

நாலு வருட உழைப்பு. எனக்கு ஒரேயொரு சம்பவம் தேவைப்பட்டது. இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

எமில்டாவின் போனில் வழித்துணையை ஏற்றிக் கொடுத்தது நான். போன மார்கழியில், நத்தார்ப் பெருநாளுக்கு அவர்கள் வீட்டுக்கு, முல்லைத்தீவுக் கரைக்குப் போயிருந்தபோது. "அத்தான், இது என்னைப் பாத்துக்கொண்டே இருக்குமோ?" என்று கேட்டுச் சிரித்தாள். பெயரும் நம்பரும் மறைத்துத்தான் எங்களுக்கு வரும் என்றேன். அது உண்மை. ஒவ்வொரு போனுக்கும் செயலி ஒரு இலக்கம் கொடுக்கும், நாங்கள் அதையும் ஊரையும் மட்டும்தான் பார்ப்போம். அவளுடையது 2217. ஏற்றிக் கொடுத்தவன் என்பதால் எனக்குத் தெரியும்.

பங்குனி மாதம், மூன்று கிழமைக்குள், 2217 இலிருந்து ஐந்து கேள்வி வந்தது. மாதவிலக்கு இரண்டு மாதம் தள்ளிப்போனால் என்ன. புருசனுக்குத் தெரியாமல் கிளினிக்குக் காட்டலாமா. அடித்த காயத்தைப் பொலிசில் எத்தனை நாளுக்குள் காட்ட வேண்டும். பிள்ளையோடு போய்த் தங்க வவுனியாவில் பெண்கள் இல்லம் இருக்கிறதா. முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்கு எத்தனை பஸ். ஒரு வெள்ளிக்கிழமை இயந்திரம் ஐந்தையும் சேர்த்துச் சொன்னது: பதினான்கு நாளுக்குள் இவர் பிள்ளையோடு வீட்டைவிட்டுப் போவார், எண்பத்தேழு வீதம்.

எனக்குச் சந்தோசமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், எழும்பி நின்றுவிட்டேன்.

என்னிடம் வேலை செய்கிற கலிஸ்ராவும் அதே கரைப் பிள்ளை. இருபத்தாறு வயது, வாய் கொஞ்சம் நீளம். அவள் கதிரையை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அனிஸ்ரன் அண்ணை, இது ஒரு ஆளில்லை. மூண்டு பேர் கேக்கினம்."

"எப்பிடிச் சொல்லுறீர்?"

"பாருங்கோவன். ஒண்டு தமிழில எழுதிக்கிடக்கு, ஒண்டு இங்கிலீசு எழுத்தில தமிழ், ஒண்டு வாயால கேட்டது. எங்கட கரையில ஒழுங்கைக்கு ஒண்டு ரெண்டு நல்ல போன்தான் இருக்கும். வீட்டில கேக்க ஏலாததை எல்லாம் பொம்பிளையள் அங்க போய்த்தான் கேப்பினம். போன்காரி போனைக் குடுத்திட்டு முற்றத்துக்குப் போயிடுவா. என்ன கேட்டது எண்டு பாக்கிறேல்லை, பிறகு விசாரிக்கிறதுமில்லை. அது ஒரு மரியாதை."

"உம்மட வேலையைப் பாரும்," என்றேன்.

"உங்களுக்கும் தெரியும்தானே அண்ணை, நீங்களும் அந்தக் கரைதானே."

இதற்குத்தான் அவளுக்கு வாய் நீளம் என்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, தவக்காலத்தில் நாலாவது ஞாயிறு, பூசை முடிந்து தம்பி வீட்டுக்குப் போனேன். பாரை மீன் குழம்பு. "கடைச்சோறு திண்டு திண்டு காஞ்சு போனியள் அத்தான்," என்று எமில்டா கேட்காமலே இன்னும் இரண்டு துண்டு வைத்தாள். ஆறு வயது மகள் என் மடியில் இருந்து சாப்பிட்டாள். நன்றாகச் சமைப்பாள், அதை ஒருவரும் இல்லையென்று சொல்ல முடியாது.

சாப்பிட்டபின் றெஜியைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று மாதம் மன்னார்ப் பக்கம் கரையில் வாடிக் குடில் போட்டுத் தங்கி மீன்பிடித்துவிட்டு அவன் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. படகுக்குப் பக்கத்தில் வைத்து, எமில்டா வெளிக்கிடப்போகிறாள் என்றேன்.

"எங்க?"

"வவுனியாவுக்கு. பிள்ளையையும் கொண்டு. வயித்திலயும் ஒண்டு இருக்குப் போல கிடக்கு."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அவாவின்ர போனிலயிருந்து கேட்டிருக்கு. பார்."

அவன் ஐந்து கேள்வியையும் வாய் அசைத்து அசைத்து வாசித்தான். இரண்டாம் தரமும் வாசித்தான். "அண்ணை, இது பிழை விடாதோ?"

"நூறில பதின்மூண்டு தரம் விடும்."

ஒரு சதமும் கூட்டிக் குறைத்துச் சொல்லவில்லை. அவனுக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். கூடப் பிறந்தவன், தெரியும். போகிறவளை மறிக்கட்டும் என்று சொன்னேன் என்று எழுத உங்களுக்கு விருப்பமாயிருக்கும். அப்படியில்லை. மறித்தால் என் சம்பவம் போய்விடும். ஒரு பூனை பதுங்கியிருக்கிறது என்று தெரிந்தால் தடியால் ஒருக்கால் தட்டி, வெளியே ஓடுகிறதா என்று பார்ப்போமே, அது போலத்தான்.

அன்று பின்னேரமே அவன் அவளிடம் கேட்டான். தான் ஒன்றும் கேட்கவில்லை என்றாள். "ஆர் கேட்டது எண்டு சொல்லு." "எனக்குத் தெரியாது. நான் பாக்கிறேல்லை," என்றிருக்கிறாள். "அப்ப உன்ர போனுக்கு ஆர் ஆர் வந்தது? பேரைச் சொல்லு." அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை. பெயரைச் சொன்னால் அந்தப் பெண்களின் வீட்டில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். இதையெல்லாம் றெஜிதான் போன் எடுத்து எனக்குச் சொன்னான். பேசாமல் இருக்கிறாள், அதுதான் குற்றம் என்றான். நான் மறுத்துக் கதைக்கவில்லை.

திங்கட்கிழமை அவளுடைய போனை உடைத்தான். செவ்வாய்க்கிழமை அவளைப் பின்னறையில் விட்டுப் பூட்டினான். குசினியில் அவனே சமைத்துக் கதவைத் திறந்து சாப்பாடு வைத்தான். அடித்தானா என்று கேட்கிறீர்கள். அடித்தான். எட்டு நாள். நான் ஒவ்வொரு நாளும் அழைத்து விசாரித்தேன். "போகேல்லைத்தானே?" என்று கேட்பேன். "எங்க போறது, பூட்டுக்குள்ள," என்பான். பூட்டினால் எப்படிப் போவாள் என்று எனக்கு அவன்மேல் ஆத்திரம்தான் வந்தது. "தொழிலுக்குப் போடா, எத்தினை நாளைக்கு வீட்டில குந்தியிருப்பாய்," என்று ஏசினேன். அடுத்த செவ்வாய் இரவு அவன் கடலுக்குப் போனது அப்படித்தான்.

புதன்கிழமை விடிய, பக்கத்து வீட்டு மதலேனா கோடரி கொண்டுவந்து பூட்டை உடைத்திருக்கிறா. அறுபத்திரண்டு வயது, விதவை, தனியாள். எமில்டா பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு ஓடினாள். பஸ் வர ஐந்து நிமிடம் இருக்கும்போது றெஜி படகுத் துடுப்போடு அங்கே வந்துவிட்டான். மிச்சம் உங்களிடம் எழுத்தில் இருக்கிறது. பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றது என்பதையும் எழுதியிருப்பீர்கள்.

பன்னிரண்டாம் நாள். இயந்திரம் சொன்ன பதினான்குக்குள். பிள்ளையோடு, வவுனியாப் பக்கம், வீட்டைவிட்டு. செய்தி வந்த அன்றே அலுவலகத்துக்குப் போய் 2217 க்கு நேரே 'நடந்தது' என்று பதிந்தேன். உயிர்த்த ஞாயிறு முடிய வெளிநாட்டுக்காரர் வந்தார்கள், பெயரில்லாமல் இந்தச் சம்பவத்தைக் காட்டினேன், கை தட்டினார்கள். திலீபன் எழும்பி வந்து கை கொடுத்தார்.

செத்தவீட்டில் ஒருத்தி என் முன்னால் வந்து நின்று அழுதாள். தர்மிளா, அதே ஒழுங்கைதான், மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். கழுத்தில் பழைய காயம். "இல்லம் இருக்கா எண்டு கேட்டது நான்தான் ஐயா. அக்கா ஒண்டும் கேக்காம போனைத் தந்தவா. நான் கேட்டன் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாம செத்துப் போயிட்டா." அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்கள். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய.

பிறகு கலிஸ்ரா வேலையை விட்டுவிட்டாள். போகும்போது கதவில் நின்று, "நீங்கள் ஒரு மனிசனே, அண்ணை?" என்றாள். அவள்தான் பத்திரிகைக்குச் சொல்லியிருக்க வேண்டும். போன கிழமை பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்: தேடல் இயந்திரத்தின் பிழையால் இளம் தாய் பலி. அதை வாசித்துவிட்டுத்தான் நான் இங்கே வந்தேன். இயந்திரத்தின்மேல் பழி போடுவது அநியாயம். அதற்கு விதி கொடுத்தவன் நான், அது கொடுத்த விதிப்படி கணக்குப் பார்த்தது. அவ்வளவுதான் அதன் பங்கு.

ஒரு விசயம் மிச்சம் இருக்கிறது. அன்று விடிய, கடலிலிருந்து அப்போதுதான் கரையேறிய றெஜிக்கு பஸ் நேரம் எப்படித் தெரிந்தது என்று நீங்கள் அவனிடம் கேட்டிருப்பீர்கள். ஒரு அழைப்பு வந்தது என்று மட்டும் சொல்லியிருப்பான். அண்ணனைக் காட்டிக் கொடுக்க மாட்டான், நல்ல பிள்ளை.

அன்றைக்கு ஐந்தரைக்கே நான் வீட்டில் கணினிக்கு முன்னால் இருந்தேன். பன்னிரண்டு நாளாக அப்படித்தான் இருந்தேன். முல்லைத்தீவுக் கரையில் ஒரு போனிலிருந்து எழுத்தில் ஒரு கேள்வி வந்தது: 'வவுனியா முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று தயவுசெய்து சொல்லுங்கோ.' இலக்கம் வேறு; மதலேனாவின் போன் என்று பிறகு தெரிந்தது. அந்தப் போன் ஒரு மாதமாகக் கேட்டதெல்லாம் முழங்கால் நோவும் பூசை நேரமும்தான், அதுவும் வாயால்தான். வயது போன ஒரு பெண், கோயிலுக்குப் போகப் பஸ் கேட்கிறா என்று இயந்திரம் முடிவெடுத்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. இயந்திரத்திடம்கூட 'தயவுசெய்து சொல்லுங்கோ' என்று கேட்கிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். நத்தார் முழுக்க என் பக்கத்தில் இருந்து அப்படித்தான் தட்டினாள். மகளின் காய்ச்சலுக்கு மருந்து கேட்டபோதும் அப்படித்தான் எழுதினாள். உடனே றெஜிக்குப் போன் அடித்தேன். "ஆறு அஞ்சுக்குப் பஸ். ஓடு," என்றேன்.

ஏன் ஓடு என்றாய் என்று கேட்கிறீர்கள். போகிறாள் என்பதை ஒரு ஆள் கண்ணால் கண்டு உறுதி செய்ய வேண்டும். காணாமல் 'நடந்தது' என்று பதிய முடியாது. நான் அப்படி வேலை செய்கிறவனல்ல.

பங்குனியில் வந்த அந்த ஐந்து கேள்வியிலும் ஒரு 'சொல்லுங்கோ' இல்லை. ஒன்றும் எமில்டாவுடையதல்ல என்று கலிஸ்ரா வாய் திறக்க முதலே எனக்குத் தெரியும். ஆறாவதுதான் அவளுடையது. அதை நான் சரியாக விளங்கிக்கொண்டேன்.